இடப்பக்கம் திரும்பச் சொன்னவள்

இணையம் இல்லாத அந்த நாட்களில் பிள்ளைகளை ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவதென்றால், முதலில் அங்கே போய் வந்த குடும்பம் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் தேநீர் வரும், வடை வரும், பிறகு புகைப்பட அல்பம் வரும். அல்பத்தில் எல்லாரும் ஒரு நீரூற்றுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். வாகனத்தை எங்கே விடுவது, சின்னவர்களை எதிலெதில் ஏற்ற மாட்டார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் அங்கை போனாத் தெரியும் மாஸ்ரர்" என்பார்கள். நீரூற்றைத் தவிர வேறொன்றையும் அறியாமல் வீடு திரும்புவோம்.

ஊரில் நான் புவியியல் படிப்பித்தவன். மொன்றியலில் ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டினேன். ஆனாலும் தமிழர்கள் எல்லாருக்கும் நான் மாஸ்ரர்தான். அந்தப் பெயரை நான் மிகவும் விரும்பினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு அது காரணம்.

புளோரிடாவில் இருக்கும் பெரிய பூங்காவைப் பற்றி நாங்கள் யோசிக்கவே முடியாது. அகதி வழக்கு முடியாதவர்களுக்கு அமெரிக்க எல்லை என்பது நிலப்படத்தில் உள்ள ஒரு கோடு, அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்கள் போகக்கூடியது ரொறன்ரோப் பக்கம் இருந்த பூங்கா. எப்போது போவது என்பதைத் தொழிற்சாலை தீர்மானித்தது. எங்கள் கியூபெக் மாகாணத்தில் ஜூலைக் கடைசியில் கட்டடத் தொழிலாளருக்கு விடுமுறை விடும்போது எங்கள் தொழிற்சாலையையும் பூட்டிவிடுவார்கள். எங்கே தங்குவது என்ற கேள்வியே எழாது. ரொறன்ரோவில் பெரியம்மாவின் மகன், என் அண்ணை, இருந்தார். சொந்தம் இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்கினால் பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது.

மற்ற எல்லாவற்றையும் என் மூத்த மகள் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பத்துப் பதினொரு வயது. மொன்றியல் நோர் பகுதியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பிரெஞ்சும் ஆங்கிலமும் ஓடிவந்து விழும் வாய் அவளுடையது மட்டும்தான். தானியப் பெட்டியின் பின்பக்கத்தில் இருந்த விலைக்கழிவுச் சீட்டை வெட்டி எடுத்தவள் அவள். நகரத்தின் நடுவில் உள்ள சுற்றுலாத் தகவல் நிலையத்துக்கு என்னை மெத்ரோ ரயிலில் கூட்டிப் போய், அடுக்கில் இருந்த பூங்காவின் கையேட்டை எடுத்தவளும் அவள்தான். இலவசம்தானே என்று நான் தெரியாத ஊர்களின் கையேடுகளையும் ஒரு கட்டு அள்ளிக்கொண்டு வந்தேன்.

கையேட்டின் உள்ளே பூங்காவின் வரைபடம் இருந்தது. அதை மகள் குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாள். பள்ளியால் வந்ததும் அதன் முன்னால் நின்று விரலால் வழி போவாள். தம்பியையும் கடைக்குட்டியையும் கதவு நிலையோடு நிறுத்தி உயரம் அளந்து, "நீ இதிலை ஏறலாம், இதிலை ஏலாது" என்று தீர்ப்புச் சொல்வாள். அங்கே மரத்தால் கட்டிய பெரிய ரோலர் கோஸ்ரர் ஒன்று இருந்தது. அதற்கு வேண்டிய உயரம் அவளுக்கு இருந்தது. அந்த வருடம்தான் வந்திருந்தது.

கையேட்டில் இல்லாததைத் தொலைபேசியில் கேட்க வேண்டும். இலவச எண் ஒன்று இருந்தது. சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியை அவள் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் இசையைக் கேட்டபடி நிற்பாள். நான் பக்கத்தில் நின்று தமிழில் கேள்விகளைச் சொல்லிக் கொடுப்பேன்.

"மழை பெய்தா என்ன செய்வினம் எண்டு கேள்."

"பொறுங்கோ அப்பா, இன்னும் ஆள் வரேல்லை."

ஆள் வந்ததும் நான் சொன்னதைக் கேட்பாள். பிறகு நான் சொல்லாததையும் கேட்பாள். எந்த நேரம் சனம் குறைவு, உள்ளே எந்தப் பக்கம் முதலில் போவது நல்லது, சாப்பாடு கொண்டு போகலாமா. மறுமுனையில் இருந்த பெண் அவளோடு நெடுநேரம் கதைத்தாள். மகள் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். நான் என் பங்குக்குப் பெற்றோல் நிலையத்தில் எடுத்த நெடுஞ்சாலைப் படத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒரே நெடுஞ்சாலை. அதற்குக் கோடு தேவையில்லை.

நண்பர் ஒருவரின் வான் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். அண்ணை வீட்டில் அன்று மாலை பெரிய விருந்து. அவருடைய மைத்துனர் குடும்பமும் வந்திருந்தது. மைத்துனர் பகிடிக்காரர், ஒருவரைப் பிடித்தால் விடமாட்டார். அடுத்த நாளுக்குப் பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கட்டிக்கொண்டு போவதென்று பெண்கள் அடுப்படியில் தீர்மானித்திருந்தார்கள். சாப்பாடு இல்லாமல் நாங்கள் எங்கும் போனதில்லை. விமான நிலையத்துக்கு ஆளை ஏற்றப் போனாலும் ஒரு சட்டி வரும்.

அண்ணை கேட்டார்: "தம்பி, உள்ளுக்கை சாப்பாடு கொண்டு போக விடுவினமோ?"

"ஓம் அண்ணை. நான் விசாரிச்சனான். விடுவினம்."

எனக்கு அது நினைவில் இல்லை. அண்ணை கேட்டார், தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீர்க் குவளைகளோடு வந்த மகள் நின்றாள்.

"இல்லை அப்பா. விடமாட்டினம். வாசல்லை பையைத் திறந்து பாப்பினமாம். வெளியிலை புல்லுக்கை மேசையள் இருக்காம். அங்கை வைச்சுத்தான் சாப்பிடலாம்."

"உனக்கென்ன தெரியும்? நான் கேட்டனான்."

"நீங்கள் கேக்கேல்லை அப்பா. நான்தானே போனிலை கேட்டது. நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்."

அவள் குரலில் துடுக்கு எதுவும் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து உதவிக்குச் சொன்னாள். பிறகு மைத்துனர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"மாஸ்ரருக்கு வீட்டிலையே ஒரு வாத்தியார் இருக்கிறா! அப்ப மாஸ்ரர் ஆர்? பக்கத்திலை நிண்டவர்!"

வீடே சிரித்தது. அதோடு விட்டாரா? நான் கறி கேட்டால், "மாஸ்ரர் கேக்கிறாரோ, இல்லைப் பக்கத்திலை நிக்கிறாரோ?" என்றார். கை கழுவப் போனால், "வழி விடுங்கோ, பக்கத்திலை நிண்டவர் வாறார்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

காலையில் மைத்துனர் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வானில் இடம் போதவில்லை. அண்ணி தன் கைக்குழந்தையோடு வீட்டில் நிற்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார். அப்படியும் ஒரு ஆள் மிச்சம்.

"சின்னனுகளை மடியிலை வைச்சு நெருக்கி இருங்கோவன்," என்றார் அண்ணி. அந்த நாட்களில் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். என் மனைவி, "நான் அண்ணியோட நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றாள்.

"நீ வராட்டி சாப்பாட்டை ஆர் பாக்கிறது?" என்றேன். பிறகு சொன்னேன்: "மூத்தவள் நிக்கட்டும். பெரிய பிள்ளைதானே, விட்டுக் குடுக்கத் தெரிய வேணும். அவளுக்குத்தான் அங்கை எல்லாம் தெரியுமே. போய்ப் பாக்க என்ன இருக்கு?"

இதற்கும் சிலர் சிரித்தார்கள். வீட்டுக்காரரின் சொந்தக்காரப் பிள்ளைகளுக்காக நம் பிள்ளையை விலக்குவது எங்களுக்குள் மரியாதை. அதனால் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. அண்ணை, "பாவம் பிள்ளை" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். நீ நிற்கலாமே என்று என்னை யாரும் கேட்கவில்லை. வான் ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

நான் கதவைச் சாத்தப் போனபோது, இடமில்லை என்று கேள்விப்பட்ட மகள் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். மடித்த வரைபடத்தை என் கையில் வைத்தாள்.

"வாசலால உள்ளுக்கை போனோடனை இடப்பக்கம் திரும்புங்கோ அப்பா. எல்லாரும் வலப்பக்கம்தான் போவினமாம். இடப்பக்கம் போனா சனம் இராது."

வரைபடத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். அன்று முழுவதும் அதை வெளியில் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நிலப்படம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன், மகள் சொன்ன வழியில் போவதை மைத்துனர் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக எல்லாருடனும் சேர்ந்து வலப்பக்கம் திரும்பினேன். வெயிலில் வரிசைகளில் நின்றே பொழுது போனது. மர ரோலர் கோஸ்ரர் பக்கம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதன் வரிசையை மூடிவிட்டார்கள்.

சாப்பாட்டுச் சட்டிகளை வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். சீருடை போட்ட இளைஞன் ஒருவன் பையைத் திறந்து பார்த்துத் தலையை ஆட்டினான். நான் ஆங்கிலத்தில் வாதாடிப் பார்த்தேன். அவன் பணிவாக வெளியே கையைக் காட்டினான். புல்லுக்குள் மேசைகள் இருந்தன. மதியம் மறுபடி வெளியே வந்து பிட்டை அங்கே வைத்துச் சாப்பிட்டோம். மைத்துனர் ஒரு பகிடியும் விடவில்லை. "பிள்ளை சொன்னவள்தானே" என்று மட்டும் சொன்னார். அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் மைத்துனர் வீட்டாரை இறக்கிய பிறகு, என் மகனிடமும் கடைக்குட்டியிடமும் சொன்னேன்: "அக்காவிட்டைச் சாப்பாட்டுக் கதை கதைக்கக் கூடாது." அவர்கள் தலையாட்டினார்கள். என் மனைவி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மகள் வாசலில் காத்திருந்தாள். தோளில் அண்ணியின் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

"உள்ளுக்கை விட்டவையோ அப்பா?"

"ஓம். விட்டவை."

"ம்" என்றாள். குழந்தையைக் கிடத்திவிட்டு வந்து சட்டிகளை வாங்கிக் கழுவினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ரோலர் கோஸ்ரரைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். அடுத்த வருடம் வேறு செலவு, வேறு காரணம். அவள் நினைவூட்டவும் இல்லை. அதன்பிறகும் எனக்காக எல்லாத் தொலைபேசி அழைப்புகளையும் அவள்தான் எடுத்தாள். மின்சாரக் கம்பனி, குடிவரவு, பள்ளிக்கூடம். ஆனால் நான் கேட்கச் சொன்னதை மட்டும் கேட்டாள், அவர்கள் சொன்னதை மட்டும் சொன்னாள். "அப்பா, இதையும் கேப்பமோ?" என்ற சொல் அவள் வாயிலிருந்து பிறகு வந்ததே இல்லை. பல வருடங்களுக்குப் பின் என் மனைவியின் நோயைப் பற்றி வைத்தியர் விளக்கியபோதும் அப்படித்தான். வைத்தியர் ஒரு வசனம் சொன்னார், அவள் ஒரு வசனம் சொன்னாள். கேட்கத் தெரியாமல் நான் விட்ட கேள்விகள் அந்த அறையிலேயே கிடந்தன. அவளைக் குறை சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தை அவளுக்குப் பழக்கியவன் நான்.

மனைவி இப்போது இல்லை. நான் மொன்றியலை அடுத்த லவாலில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் பேத்தியும் சமையலறை மேசையில் உட்கார்ந்து புளோரிடாப் பயணத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் கைபேசிக்குள் இருக்கிறது. எந்த வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைக்கூட இங்கிருந்தே பார்க்கிறார்கள். மருமகனின் பெற்றோரும் வந்திருந்தார்கள். மகள் அவர்களுக்குப் பயணத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பேத்தி இடையில் மறித்து, அம்மா சொல்வது பிழை, அந்த நாளில் அந்தப் பகுதி பூட்டு என்று பிரெஞ்சில் சொன்னாள்.

சம்பந்தி சிரித்தார். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

மகள், "எங்கை, காட்டு" என்று கைபேசியை வாங்கிப் பார்த்தாள். "ஓம், நீ சொல்லுறதுதான் சரி. நல்லகாலம் பாத்தாய்," என்று சொல்லிவிட்டு, சம்பந்தி பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவ்வளவுதான். அது அவ்வளவு சின்ன விஷயம் என்பது எனக்குத் தெரியாமலே இந்த வயது வந்திருக்கிறது.

சம்பந்தி வீட்டார் போன பிறகு, மேசையடியில் நின்றபடி சொன்னேன்: "பிள்ளை, அண்டைக்கு உள்ளுக்கைச் சாப்பாடு விடேல்லை."

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"தெரியும் அப்பா. சட்டிக்கு அடியிலை புல்லு ஒட்டியிருந்தது."

"வானிலை இடமும் இருந்தது. நெருக்கியிருந்தா நீயும் வந்திருக்கலாம். அவங்கள் என்னைப் பாத்துச் சிரிச்சதுக்காகத்தான் உன்னை விட்டிட்டுப் போனனான்."

இது அவளுக்குத் தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இடமில்லை என்பதை மட்டும் அவள் இத்தனை காலமும் நம்பியிருந்தாள். கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். பிறகு, "எந்தப் பக்கம் திரும்பினீங்கள்?" என்று கேட்டாள்.

"வலப்பக்கம்."

"ம்."

பேத்தி கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, அம்மப்பா என்ன சொல்கிறார் என்று பிரெஞ்சில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று மகள் முடித்துவிடுவாள் என எதிர்பார்த்தேன். முடித்துவிட வேண்டும் என்று விரும்பினேன். அவள் மொழிபெயர்த்தாள். அம்மப்பாவைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்கள், அதனால் அவர் என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகவில்லை என்கிறார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. இத்தனை வருடத்தில் அந்த மொழி எனக்கும் விளங்கும்.

பேத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்தினேன். பிறகு அவள் தாயிடம், அன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டாள்.

குழந்தையைப் பார்த்தேன், பிறகு சட்டி கழுவினேன் என்றாள் மகள்.

பேத்தி பூங்காவின் வரைபடத்தைத் திரையில் பெரிதாக்கித் தாயின் பக்கம் தள்ளினாள். வாசலிலிருந்து எந்தப் பக்கம் முதலில் போவது என்று இருவரும் அதன் மேல் குனிந்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.