ஒரு துடிப்புக்கு ஒரு குமிழி

மீன்தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, தரையில் குந்தி, வலது கை விரல்களால் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி பிரேக் சார் குமிழி பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசலில் காருக்குள் காத்திருக்கும் பெண் மறுபடி ஹாரன் அடிக்கிறாள். "அடிக்கட்டும். அதையாவது ஒழுங்கா அடிக்கக் கத்துக்கட்டும்" என்கிறார், குமிழியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பெயர் அதனால் வந்தது. அந்தக் கால் வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. டிவியில் யாராவது காரை விரட்டினால் தரையை அழுத்தும். மனைவி "உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தாலும் அழுத்தும்.

கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது அவருடைய உப்புநீர்த் தொட்டி. அதில் மீன்கள் பேருக்குத்தான். ராஜ உபசாரமெல்லாம் பவளங்களுக்கு. ஊதாவில் கிளை விட்டது ஒன்று, பச்சையில் தட்டையாக விரிந்தது ஒன்று. வந்தவர்கள் வாய் தவறி 'கல்' என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "கல்லா? தண்ணியில கரைஞ்சிருக்கற சுண்ணாம்பை எடுத்து எடுத்து தனக்குத்தானே எலும்பு கட்டிக்குது. உன்னால முடியுமா?"

அது எலும்பு கட்டக் கட்ட நீரில் சுண்ணாம்பு தீர்ந்துகொண்டே வரும். அதை ஈடுகட்டத்தான் அலமாரிக்குள் கால்சியம் ரியாக்டர். பெயர்தான் மிரட்டும், பார்த்தால் நெட்டையான ஒரு மூடிய ஜாடி, அவ்வளவுதான். உள்ளே நொறுக்கிய செத்த பவளம். பக்கத்துச் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு குமிழி குமிழியாக அதற்குள் போகிறது. ஜாடி நீர் புளித்து, செத்த பவளத்தைக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குப் போய்ச் சேர்கிறது. "செத்ததைக் கரைச்சு, இருக்கறதுக்கு ஊட்டறேன்" என்பார் சார், தானே அதைக் கண்டுபிடித்தவர் மாதிரி. "அப்ப இது சோடாதானே மாமா? ஒரு கிளாஸ் ஊத்துங்க" என்று கேட்ட மச்சினனுக்கு அன்றிலிருந்து தொட்டிப் பக்கம் வர அனுமதி இல்லை.

சூட்சுமமெல்லாம் குமிழியில் இருக்கிறது. கூடிப்போனால் தொட்டி முழுக்கப் புளித்துப் பவளம் பாழ், குறைந்துபோனால் பட்டினி. வாயு வரும் வழியில் ஒரு சின்ன நீர்க்குப்பி இருக்கிறது. அதில் குமிழிகள் ஏறும் வேகத்தைப் பார்த்து ஒரு திருகைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் செய்வார்கள். சாருக்கு அது ஒத்துவராது. "கடிகாரத்தைப் பார்த்தா குமிழி போயிடுது, குமிழியைப் பார்த்தா கடிகாரம் போயிடுது. நாடி கையிலயே இருக்கு. ஒரு துடிப்புக்கு ஒரு குமிழி." பல வருஷமாக இதே கணக்குதான். பவளங்களும் குறை சொன்னதில்லை.

வினை டாக்டர் ரூபத்தில் வந்தது. காலமெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சேர்த்து வைத்த ரத்தக் கொதிப்புக்கு அவர் மாத்திரை எழுதினார். "நாடி கொஞ்சம் நிதானமாகும். ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க, இதயத்துக்கு ஆபத்து" என்றார். மனைவி அதை மனப்பாடம் செய்துகொண்டாள். சார் அப்போது டாக்டர் அறையில் இருந்த மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை தொடங்கிய பிறகு வீட்டில் சார் போடும் சத்தம் குறைந்தது. தொட்டியில் பவளமும் வாடத் தொடங்கியது. கிளை நுனிகளில் வெள்ளையாகத் துளிர்க்கும் குருத்தைக் காணோம். சார் குழாய்களைக் கழற்றிக் கழுவினார், சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார், மச்சினன் மேல் சந்தேகப்பட்டார். தினமும் காலையில் நாடி பிடித்தால் குமிழி துடிப்பை மிஞ்சிக்கொண்டு ஓடியது. "முந்துது, முந்துது" என்று திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

உண்மை நடுரோட்டில் வெளிப்பட்டது. ஹாரன் பெண் காரை நேராக ஒரு லாரிக்கு எதிரே விட்டாள். சாரின் கால் பிரேக்கை அழுத்திவிட்டது. ஆனால் நெஞ்சு 'திக்' என்றுகூடச் சொல்லவில்லை. சந்தேகம் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். துடிப்பு ஆற அமர வந்துகொண்டிருந்தது. "அடப்பாவி, நீதானா?" என்றார் நாடியிடம். ஏற்கெனவே அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் தன்னைத்தான் சொல்கிறார் என்று இன்னும் பலமாக அழுதாள்.

புத்தியுள்ளவன் அன்றைக்கே கடிகாரத்துக்கு மாறியிருப்பான். சார் மாத்திரையை நிறுத்தினார். வாயில் போடுவது போல் காட்டி, தண்ணீரும் குடித்து, மாத்திரையைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிடுவார். நாடி பழைய வேகத்துக்கு வந்தது, குமிழி கூடியது, கிளை நுனிகள் வெளுத்துத் துளிர்த்தன. மாடிப்படி ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

காட்டிக்கொடுத்தது குரல்தான். செய்தி வாசிப்பவரைப் பார்த்து ஒரு நாள் காலையில் அவர் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேனே." கால் தரையை அழுத்தியது.

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டாள்.

"உங்களுக்கு நான் முக்கியமா, இந்த மீன்தொட்டி முக்கியமா?"

"மீன் இல்லம்மா, பவளம்..."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அது வாடினா வேற வாங்கிக்கலாம். நீங்க விழுந்துட்டா நான் எந்தக் கடையில போய் நிக்கறது?"

அவள் இத்தனை பயந்துபோயிருப்பாள் என்று சாருக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. "நாடி மெதுவாப் போச்சுன்னா குமிழி குறையுதும்மா" என்றார், மெல்லிய குரலில். "அது பட்டினி கிடக்குது. கடிகாரம் வெச்சும் பார்த்துட்டேன், எனக்கு வரல."

அவள் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு மாத்திரையைக் கொடுத்து விழுங்கச் செய்தாள். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கையும் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகியபடியே அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து, வளையலை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டை நீட்டினாள்.

"பிடிங்க. உங்களோட குடும்பம் நடத்தி என்னுது நல்லா வேகமாத்தான் ஓடுது."

சார் ஒரு கையால் அதைப் பிடித்தார், மறு கையைத் திருகின் மேல் வைத்தார். விரலுக்கடியில் துடிப்பு தடதடவென்று ஓடியது; குமிழி எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது. அவர் திருகிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையையும் அவள் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டார், முதலில் அந்தத் துடிப்பு அடங்கட்டும் என்று.