கடலில் விழுந்த கண்ணாடிப் பொட்டலங்கள்

காய்ந்த சருகைக் காதருகே வைத்து நொறுக்கினால் வருமே, அப்படி ஒரு சரசரப்பு. அதன் பின்னாலேயே, அடைபட்டுக் கிடந்த சாதிக்காயின் காரமும் சர்க்கரையின் இனிப்பும் கலந்து சுர்ரென்று மூக்கில் ஏறும் ஒரு நெடி. எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் காலையிலிருந்து பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் அந்தச் சத்தமும் நெடியும் ஓய்ந்ததே இல்லை.

பினாங்கில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். வாப்பா, உம்மா, லாத்தா, நான். எங்கள் வழக்கத்தில் அக்காளை லாத்தா என்போம். என் லாத்தாவின் பெயர் ஆமினா, என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். வாப்பாவின் பிழைப்பு "பாலா மிட்டாய்". பாலா என்றால் மலாயில் சாதிக்காய். கொட்டையையும் அதன்மேல் படர்ந்த பத்திரியையும் பெரிய வியாபாரிகள் வாங்கிப் போய்விட, மிஞ்சும் பழத்தின் சதை பாலிக் பூலாவ் தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வரும். உம்மாவும் லாத்தாவும் அதைச் சீவி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையில் புரட்டி, வெயிலில் காயவைத்துத் தருவார்கள். வாப்பா அதைத் தட்டில் பரப்பிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் நாகப்பட்டினம் கப்பலுக்குச் சம்பான் என்ற சிறுபடகில் போய், மேல்தளத்தில் ஊர் திரும்பும் சனங்களிடம் விற்பார்.

ஊர் திரும்புகிறவர்களுக்குப் பிள்ளைகளுக்கு என்று ஏதாவது வாங்கிப் போக ஆசை இருக்கும். ஆனால் பாலா மிட்டாய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஈரக்காற்று பட்டால் அதன் மேலிருக்கும் சர்க்கரை கசிந்து, இரண்டே நாளில் பிசுபிசுவென்று ஒரே கட்டியாகிவிடும். எங்கள் வீட்டில் அதை "அழுதுடுச்சு" என்று சொல்வோம். இலையில் கட்டினாலும் அழும், பழைய செய்தித்தாளில் மடித்தாலும் அழும். அதனால் கப்பல் சனங்கள் அங்கேயே நின்று தின்பதற்கு ஒரு பிடி வாங்குவார்களே தவிர, ஊருக்கென்று யாரும் வாங்கியதில்லை.

அந்த வருஷம் மழை பிடித்த சமயத்தில் துறைமுகத்தில் ஓர் உத்தரவு வந்தது. ஈயும் தூசியும் படும்படி திறந்த தட்டில் எந்தத் தின்பண்டமும் கப்பலேறக் கூடாது. சில வியாபாரிகள் கண்ணாடி போட்ட மரப்பெட்டி வாங்கினார்கள். ஆடுகிற சம்பானிலிருந்து ஏணியைப் பிடித்து ஏறும்போது முதல் வாரமே இரண்டு பெட்டிகள் உடைந்தன. வாப்பா தகர டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு போனார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத டப்பாவை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை போன சரக்கு அப்படியே திரும்பி வந்த அன்று, சாப்பிட்டுக் கை கழுவிய வாப்பா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "பேசாம அடுத்த கப்பல்ல ஊருக்கே போயிடலாம். நாலு பேருக்கும் டெக்குல எடம் கெடைக்கும்."

உம்மாவுக்கு அந்தப் பேச்சு இனித்திருக்கலாம். லாத்தாவுக்கும் எனக்கும் அது கசந்தது. நாங்கள் இரண்டு பேரும் பினாங்கில் பிறந்தவர்கள். வாப்பா "ஊர்" என்று சொல்லும் இராமநாதபுரத்துச் சீமையை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இந்தச் சந்து, கடல், மழை, எதிர்வீட்டுச் சீனப் பெண்ணுடன் மலாயில் போடும் சண்டை, இவைதான் எங்களுக்கு ஊர். லாத்தா எச்சில் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் அவள் வாப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: பூச்செண்டு சுற்றுகிறார்களே, அந்தக் "கண்ணாடித்தாள்" கொஞ்சம் வேண்டும்.

மிட்டாய் தெரியவேண்டும், ஈ படக்கூடாது. அதற்குக் கண்ணாடித்தாளை விட்டால் வேறென்ன இருக்கிறது என்பது அவள் கணக்கு. ஆனால் தாள் வந்த பிறகுதான் அதன் வீம்பு தெரிந்தது. மைதா மாவுப் பசை போட்டால் காய்ந்ததும் உரிந்து வந்தது. கோந்து போட்டால் சுருங்கியது. மெழுகுவர்த்தியில் காட்டினால் குப்பென்று பற்றிக்கொண்டது. கடைசியில் நூலால் வாயைக் கட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, மூன்றாம் நாள் உள்ளே சர்க்கரை அழுதிருந்தது. "கல்யாணப் பேச்சு நடக்குற நேரத்துல தாளை வெட்டி வெளையாடுறா பாரு" என்று உம்மா முனகினார். லாத்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விளையாடியது நான்தான். அந்த நாளில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்களிடையே ஒரு வேடிக்கை பரவியிருந்தது. கண்ணாடித்தாளை மீன் வடிவில் வெட்டி உள்ளங்கையில் வைத்தால், கையின் வியர்வை பட்டு அந்த மீன் தலையைத் தூக்கும், வாலைச் சுருட்டும், உயிர் வந்தது போல நெளியும். லாத்தா கழித்துப் போடும் துண்டுகளிலெல்லாம் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள், யாரோ வாப்பாவுக்குக் கொடுத்த சீமை பிஸ்கட் பெட்டியின் மேல் சுற்றியிருந்த கண்ணாடித்தாளையும் எடுத்து வெட்டினேன். அந்த மீன் நெளியவே இல்லை. கையை மூடித் திறந்தேன், வாயால் ஊதினேன். அசையாமல் கிடந்தது.

"லாத்தா, இது செத்த மீனு. தாளு சரியில்ல" என்று அழாத குறையாகக் காட்டினேன்.

லாத்தா என் கையிலிருந்து அதை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்தாள். மற்றொரு கையில் பழைய தாளில் வெட்டிய மீனை வைத்தாள். அது துள்ளியது, இது கிடந்தது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாக, மிக மெதுவாக, அதில் ஒரு சிரிப்பு வந்தது.

"சரியில்லாதது அந்தத் தாளுடி. அது ஈரத்தக் குடிக்குது, அதான் நெளியுது. இது குடிக்கல. இதுக்குள்ள ஈரம் போகாது!"

வாப்பா அந்த வகைத் தாளைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போனார். பெரிய காகித வியாபாரியான சீனக் கிழவர் எல்லாம் ஒரே "கெர்த்தாஸ் காச்சா"தான், கண்ணாடித்தாள்தான் என்று சாதித்தாராம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உடனே வாப்பா மடியிலிருந்து கத்தரியை எடுத்து, கட்டுக்கு ஒரு மீனாக வெட்டி, தாடியும் தலைப்பாகையுமாக நடுக்கடையில் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கடையிலிருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். நாலாவது கட்டில் மீன் நெளியவில்லை. "கெழவன் தன் கையிலயும் ஒரு மீனு வச்சுப் பாத்தாம்மா! இத்தன வருஷமா விக்கிறேன், எனக்கே தெரியாதேன்னான்" என்று வாப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் வீட்டில் அவர் சிரிப்பைக் கேட்டேன்.

ஒட்டும் வேலை பாக்கி இருந்தது. மெழுகுவர்த்தியில் எரிந்த துண்டுகளை லாத்தா தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். புதிய தாளில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து அதுபோலக் கருக்கிப் பார்த்தபோது, தீப்பிடித்த இடத்துக்குச் சற்று உள்ளே, சூடு மட்டும் பட்ட ஒரு விரல்கடை அளவுக்கு இரண்டு தாளும் ஒன்றாகிப் போயிருந்ததைக் கண்டுபிடித்தாள். தீ வேண்டாம், சூடு போதும். உம்மாவின் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, தாளின் மேல் துணியை விரித்து, பெட்டியின் ஓரத்தால் ஓர் இழுப்பு இழுத்தாள். சூடு அதிகமானால் தாள் பழுத்துச் சுருண்டது, குறைந்தால் பிரிந்தது. எத்தனை தாள் வீணானதோ தெரியாது. ஆனால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் என்னைக் கூப்பிட்டு, நாலு பக்கமும் ஒட்டிய ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "இழு" என்றாள். இழுத்தேன். ஒட்டு விடவில்லை. அதை மழைச்சாரல் அடிக்கும் சன்னலில் ஒரு வாரம் போட்டு வைத்தாள். பிரித்தபோது மிட்டாய் பொலபொலவென்று உதிர்ந்தது. உம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மணையை இழுத்துப் போட்டு, லாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் போடத் தொடங்கிவிட்டார்.

அடுத்த கப்பல் வந்தது. வயசுப் பெண் கப்பலுக்குப் போவதை அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாது. அதனால் லாத்தா என்னை அனுப்பினாள். "நீதான் என் கண்ணு. ஒண்ணு விடாமப் பாத்துட்டு வந்து சொல்லணும்" என்று என் முக்காட்டைச் சரிசெய்து விட்டாள்.

கூடை நிறையப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு நான் சம்பானில் உட்கார்ந்திருந்தேன். மழை விட்டிருந்தாலும் கடல் அடங்கவில்லை. கப்பலின் கம்பியோரமாக ஊர் திரும்பும் சனங்கள் வரிசையாக நின்று கீழே பார்த்தார்கள். ஏணியின் தலைப்பில் சுகாதாரத் துரை நின்று ஒவ்வொரு வியாபாரியின் சரக்கையும் சோதித்துக்கொண்டிருந்தார். வாப்பா ஏணியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, "கூடையைத் தூக்கும்மா" என்றார். நான் எழுந்து தூக்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு நீராவிப் படகு கடந்து போக, சம்பான் ஓர் ஆட்டம் ஆடியது. கூடை என் கையை விட்டுத் தலைகீழாகக் கடலில் விழுந்தது.

அந்த ஒரு கணத்தை என்னால் இன்றும் விவரிக்க முடியவில்லை. இஸ்திரிச் சூட்டில் கொப்புளம் போட்ட லாத்தாவின் விரல்கள்தான் கண்முன் வந்தன. நான் வாய்விட்டு அலறினேன். வாப்பா ஏணியிலேயே சிலையாக நின்றுவிட்டார்.

"திம்புல்! திம்புல்!" என்று சம்பான்காரச் சீனர் கத்தினார். மிதக்குது, மிதக்குது!

பார்த்தேன். உள்ளே அடைபட்ட காற்றால் உப்பிய பொட்டலங்கள், ஒன்றன் பின் ஒன்றாக மேலே வந்து, அலைக்கு அலை ஏறி இறங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தன. கப்பலின் மேலே ஒரு கூச்சல் எழுந்தது. "அண்ணே, அந்தா அங்க ஒண்ணு!" "தங்கச்சி, துடுப்புக்கிட்ட பாரு!" என்று ஆளாளுக்குக் கை காட்டினார்கள். சம்பான்காரர் தண்ணீர் இறைக்கும் தகரத்தால் அள்ளினார். நான் குப்புறப் படுத்துக்கொண்டு கையால் அள்ளினேன். வாப்பா இடுப்பு நனைய ஏணியின் கடைசிப் படியில் நின்று அள்ளினார். அள்ள அள்ள மேலே கைத்தட்டல். கூடை திரும்பவும் நிரம்பியது.

சொட்டச் சொட்ட மேலே போனோம். துரை ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உதறினார், வெளியிலிருந்த கடல்நீர் தெறித்தது, உள்ளே மிட்டாய் கலகலவென்று ஆடியது. கிழித்தார். ஒரு துண்டை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். விரலில் ஈரம் இல்லை, வெறும் சர்க்கரைத் தூள். சுற்றிலும் அத்தனை சனமும் எட்டி எட்டிப் பார்த்தது. அவர் அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "போலெஹ்" என்றார். போகலாம்.

சனம் எங்களை மொய்த்துவிட்டது. "கடல்ல விழுந்தே நனையல, ஊரு போய்ச் சேந்துரும்!" என்று ஒரு தோட்டத்துக்காரர் பிள்ளைக்கு ஒன்றாக நாலு பொட்டலம் வாங்கினார். "யாரு பாய் செஞ்சது இது? சீமைச் சரக்கா?" என்று ஒருவர் கேட்டார். வாப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேல்தளம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "சீமையுமில்ல கீமையுமில்ல. எம்மக ஆமினா செஞ்சது!"

வீட்டுக்கு வந்து நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கூடை விழுந்ததைக் கேட்டு லாத்தா வாயைப் பொத்திக்கொண்டாள். மிதந்ததைச் சொன்னதும், "திரும்பச் சொல்லு" என்றாள். அன்று அவளுக்காக அதை நான் ஏழெட்டு முறை சொல்லியிருப்பேன். வாப்பா அதற்குப் பிறகு ஊருக்குப் போகும் பேச்சை எடுக்கவே இல்லை. பொட்டலத்துக்குள் வைக்கச் சீட்டு அச்சடித்தபோது "ஆமினா பாலா மிட்டாய்" என்று போடச் சொன்னார். "பொம்பளப் புள்ள பேரு கண்ட கண்ட ஊருக்கும் போறதா?" என்று உம்மா பதறினார். "கடல்ல விழுந்தும் முங்காத பேரு. போகட்டும்" என்றார் வாப்பா.

அடுத்தடுத்த கப்பல்களில் ஏறிய சனங்கள் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்டார்கள். நாகூரிலிருந்து ஒரு பெண் மூன்று மாதம் கழித்துக் கடிதம் எழுதியிருந்தாள்: மிட்டாய் அழாமல் வந்து சேர்ந்தது, பிள்ளைகள்தான் இன்னும் வேண்டும் என்று அழுகிறார்கள் என்று. கண்ணாடிப் பெட்டி உடைந்துபோன மற்ற வியாபாரிகளின் வீட்டுப் பெண்கள் கேட்டு வந்தபோது, வாப்பா தயங்கினாலும், லாத்தா தயங்கவில்லை. "வாங்கக்கா, உக்காருங்க" என்று இஸ்திரிப் பெட்டியை அவர்கள் கையில் கொடுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் சந்தில் முறுக்கு, கடலை, ஓமப்பொடி எல்லாம் கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டு கப்பலேறின. லாத்தாவின் கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணவர் திறந்த கடைக்கும் அவள் பெயர்தான்.

இன்று அந்தக் கப்பல் இல்லை. சம்பானில் போய் விற்கிறவர்கள் இல்லை. பாலிக் பூலாவில் சாதிக்காய் மரங்கள் குறைந்துவிட்டன. உலகச் சண்டைக் காலத்தில் வரவு நின்றுபோன கண்ணாடித்தாள் பிறகு வந்தது. அதையும் பிளாஸ்டிக் துரத்திவிட்டது. புக்கிட் தெங்காத் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் கண்மூடித் திறப்பதற்குள் பொட்டலங்களை ஒட்டித் தள்ளுகின்றன என்கிறார்கள்.

சென்ற மாதம் கெலுகோரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன், பழைய பினாங்குச் சாமான்களைத் திரட்டுகிறேன் என்று லாத்தாவைப் பார்க்க வந்தான். தராசு காட்டினோம், சாதிக்காய் ஊறவைத்த சட்டி காட்டினோம். அவனுக்கு வேண்டியது பொட்டலம். நாங்கள் இல்லை என்று தலையாட்டியதும் அவன் முகம் வாடிவிட்டது.

"ஒண்ணுகூடவா எடுத்து வைக்கல மாமி? சாயாங்-லா! அநியாயமாப் போச்சே!"

எழுபதைத் தாண்டிய என் லாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எடுத்து வைக்கவா தம்பி ஒட்டினேன்? ஒண்ணு மிஞ்சிக் கெடந்தா, அத யாருக்கும் பிடிக்கலன்னுல்ல அர்த்தம்! நான் ஒட்டின அத்தனையையும் கிழிச்சுத் தின்னுட்டாங்க. எழுதிக்கோ."

பையன் சிரித்துக்கொண்டே குனிந்து எழுதினான். லாத்தா அவன் எழுதி முடிக்கும்வரை பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.