கடைசி அத்தியாயம் பார்த்து வாங்கிய நாவல்கள்

என் மனைவிக்கு நாவல் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது எங்கள் வீட்டில் என் வேலை. அவள் செல்லூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. விரும்பிப் படிப்பது ஒரே வகை ஆங்கில நாவல்தான். முதல் உலகப் போர் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் லண்டனிலோ பாரிஸிலோ நடக்கும் பெரிய இடத்துக் கதை. முத்துமாலை, நீளமான கார், விடிய விடிய நடனம், இரவுச் சாப்பாட்டுக்கென்றே உடை மாற்றிக்கொள்ளும் மனிதர்கள். "சமைக்கிறதும் அவுக இல்ல, பாத்திரம் கழுவுறதும் அவுக இல்ல. படிக்கவே எம்புட்டு சொகமா இருக்கு" என்பாள்.

சனிக்கிழமைகளில் அலுவலகம் முடிந்ததும் பழைய புத்தகக் கடைக்குப் போவேன். அட்டைப் படத்தை நம்புவதில்லை. கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று முதலில் பார்ப்பேன். பிறகு நின்றபடியே கடைசி அத்தியாயத்தை முழுவதும் படிப்பேன். நாயகி இறந்தாலோ, தனியாகிப் போனாலோ புத்தகம் அடுக்குக்கே திரும்பிவிடும். மாமியார் இறந்த வருடம், ஒரு நாவலின் நாயகி காய்ச்சலில் சாகப்போகிறாள் என்று தெரிந்ததும் என் மனைவி அதைப் பாதியில் மூடிவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. அவளிடம் சொன்னதில்லை. கடைக்காரர்தான் கேலி செய்வார். "அண்ணே, புத்தகத்தப் பின்னாடியிருந்து படிக்கிற ஆளு மதுரையிலயே நீங்க ஒருத்தர்தான்."

இந்தக் கல்வியாண்டில் அவளுடைய பள்ளிக்கு ஓர் ஆங்கில ஆசிரியை புதிதாக வந்தார். நாகமலை புதுக்கோட்டையில் வீடு. கணவர் பேராசிரியர், சுவரெல்லாம் புத்தகமாம். சில வாரங்களில் என் மனைவியின் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் நான் வாங்கித் தராத நாவல் ஒன்று இருந்தது. அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். காலம் சரி, மாளிகை சரி. கடைசியில் நாயகி ஏரியில் மூழ்கிவிடுகிறாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இவள் பாதியில் மூடிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இப்படி அழுது எம்புட்டு நாளாச்சு! நீங்க எடுத்துட்டு வாரதுல எல்லாருமே கடைசியில கல்யாணம் பண்ணிக்கிறாக."

அப்போதுதான் என் ஏற்பாட்டைச் சொன்னேன். "அது அம்மா செத்த வருசம்ங்க. இன்னமுமா?" என்றாள். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

அதன் பிறகு வீட்டில் எதற்கும் 'டீச்சர் சொன்னாக' என்றாகிவிட்டது. மதிய இடைவேளையில் இருவரும் உட்கார்ந்து, அந்த நாயகி ஏரிக்குப் போயிருக்க வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுகிறார்களாம். என்னோடு ஒரு நாவலைப் பற்றியும் அவள் வாதாடியதில்லை. நான் எடுத்துவந்தவற்றில் வாதாட ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அந்த டீச்சர் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடுவார். பக்கத்தை மடித்து வைப்பார். இதைச் சொல்லிக்காட்டினேன். ஒரு முனை மடிந்தாலே என்னைத் திட்டுகிறவள், அந்தக் கோடு போட்ட வரிகளைத்தான் முதலில் தேடிப் படிக்கிறாள்.

போன சனிக்கிழமை கடையில், முன்பு நான் ஒதுக்கிய ஒரு நாவலைத் தேடி எடுத்தேன். வழக்கம்போல நின்றபடி கடைசி அத்தியாயத்தைப் படித்து, நாயகி நிச்சயமாகச் சாகிறாள் என்று உறுதி செய்துகொண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் டீச்சர் கொடுத்த அடுத்த புத்தகம். என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தேன். அவள் இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காபிகூட நானே போட்டுக் கொடுத்தேன்.

இரவு சாப்பிடும்போது, டீச்சர் கொடுத்ததை ஏன் தொடவில்லை என்று கேட்டேன். அவள் வாயால் கேட்க ஆசை. அவள் உருளைக்கிழங்கு வறுவலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு ரசம்சாதத்தை அள்ளிக்கொண்டிருந்தாள். மிகவும் பிடித்ததைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள், கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன்.

"அது இருக்கட்டும்ங்க" என்றாள். "அவசரமா படிக்க மனசு வரல. லீவுக்குன்னு வச்சிருக்கேன்."