காட்டுப்பாக்கத்து டீயும் எங்கள் மானியமும்

வயதானவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ வழி தேடுவது எங்கள் ஆராய்ச்சி மையத்தின் வேலை. அந்த மையமோ வருடா வருடம் யார் கையையோ எதிர்பார்த்துக் கிடக்கும். மானியத்தில் ஓடும் இடத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மையத்துக்காக வயதானவர்கள் வீடுகளில், பிடித்து நடக்கச் சுவரில் கைப்பிடி பொருத்துவேன். பிறகு மாதம் ஒருமுறை போய், குளிக்க முடிகிறதா, படியேற முடிகிறதா என்று கேட்டு எழுதுவேன். மார்ச்சோடு மானியம் முடிவதாக இருந்தது. நீட்டிக்காவிட்டால் பூட்டுதான்.

முடியாது, முடியாது

மண்ணூர்பேட்டையில் முனுசாமி, பழைய லாரி டிரைவர். குளிக்க முடியுமா என்றேன். முடியாது. படியேற? முடியாது. எழுதிக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டினேன். நிமிர்ந்தால் ஆள் மாடிப்படியில் பாதி ஏறிவிட்டார், காயவைத்த துணியை எடுக்க.

ஏனய்யா பொய் சொன்னீர் என்று கத்தினேன். கைப்பிடி போட்ட பிறகு உடம்பு மோசமாகிவிட்டது என்றல்லவா என் காகிதம் சொல்லும்? அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஃபாரம் வெச்சுகினு ஊட்டுக்கு வந்து கேட்டா, முடியும்னு சொல்றவனுக்கு எவன் இன்னா குடுப்பான் அண்ணாத்தே?"

ஒரே ஒரு வீடு

பாதிப் பேர் இப்படித்தான் சொல்லியிருந்தார்கள். காகிதங்களைப் பார்த்த மானியக்காரர்கள், ஒரு ஆளை அனுப்புகிறோம், நேரில் ஒரு வீட்டைக் காட்டுங்கள் என்றார்கள். மையத்தை நடத்தும் டாக்டரம்மா மூன்று நாளாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

காட்டுப்பாக்கம் ஜமீலா பீவி வீடு என்றேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தவர். சோபாவிலிருந்து அடுப்படி வரை நான் பொருத்திய கைப்பிடியைப் பிடித்துப் போய், இப்போது தன் டீயைத் தானே போட்டுக்கொள்கிறார். டாக்டரம்மா தலையாட்டினார். நம்பினாரா, தெரியாது. "அந்தம்மா அன்னைக்கு எழுந்து நாலு அடி வெச்சாப் போதும் சார், மத்ததை நான் பேசிக்கிறேன்."

விருந்தாளி

மானியக்காரர்கள் அனுப்பிய அம்மாளை டாக்டரம்மாவும் நானும் அழைத்துப் போனோம். ஜமீலா பீவி புதுப்புடவையில் சோபாவில். எழுந்திருக்கப் பார்த்தார், மருமகள் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள். மறுபடி பார்த்தார், மறுபடி உட்காரவைத்தாள். விருந்தாளி முன்னால் மாமியார் அடுப்படிக்குப் போனால் மருமகளை என்ன நினைப்பார்கள்? இதை நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.

மருமகள் போட்ட டீ வந்தது. வீட்டில் யார் என்ன வேலை செய்கிறீர்கள் என்று வந்தவர் கேட்டார். மருமகள் பெருமையாகச் சொன்னாள்: "மாமியை ஒரு டம்ளர்கூட எடுக்க விடமாட்டேன் மேடம், எல்லாம் நான்தான்."

ஒரு வாய்

வந்தவர் அதை எழுதிக்கொண்டார். டாக்டரம்மா தரையைப் பார்த்தார். வந்தவர் டீயை ஒரு வாய் குடித்தார். மெதுவாகக் கீழே வைத்தார். மறுபடி தொடவில்லை.

ஜமீலா பீவி அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்தார். எழுந்தார். நடந்தார். பின்னாலேயே ஓடிய மருமகளை அடுப்படி வாசலில் குறுக்கே நின்று மறித்தேன். நாகரிகமில்லைதான். வந்தவரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஜமீலா பீவி ஒரு கையால் கைப்பிடி, ஒரு கையால் கரண்டி; இஞ்சி தட்டி, கொதிக்கவிட்டு, வடிகட்டி நீட்டினார். வந்தவர் முழுசாகக் குடித்தார். "என் மருமவ தங்கமான பொண்ணும்மா. டீ மட்டும் அவளுக்கு வராது. அதுக்காகத்தான் நான் எந்திரிச்சு நிக்க வேண்டிகீது."

மானியம் ஒரே ஒரு வருடம் நீண்டிருக்கிறது; அதற்குள் அந்த மருமகள் டீ போடக் கற்றுக்கொண்டுவிடக் கூடாதே என்பதுதான் இப்போது என் கவலை.