பசை காயும் நேரம்

அட்டைப்பெட்டிப் பட்டறையில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். முதலாளி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவன் கூப்பிடுவதைக் கேட்டு எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பசை தடவும் நெட்டை அண்ணன் அவளைவிட மூத்தவர். அவருக்கும் அவள் அக்காதான்.

மாதிரிப் பெட்டி செய்வது அவள் வேலை. கண்ணாடி விளக்கு, கேக், செருப்பு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அதற்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பாள். பெரிய மேதை என்று சொல்லமாட்டேன். அவள் யோசித்த பெட்டிகளில் பாதி மூடாது. மீதியில் சில, மூடினால் திறக்காது. அதைச் சொல்லி முதலில் சிரிப்பவளும் அவளே.

யோசனைகள் வந்ததெல்லாம் பசை காயும்போதுதான். பழைய பசை மெதுவாகப் பிடிக்கும். ஒட்டிய பெட்டிகளைப் பலகைக்கடியில் அடுக்கி, மேலே கல்லை ஏற்றிவிட்டால் அப்புறம் தொடக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காருவது? வெட்டி விழுந்த துண்டுகளை எடுத்து ஆளாளுக்கு எதையாவது மடிப்பார்கள். நெட்டை அண்ணன் ஆமை செய்வார். ஒருமுறை அந்த ஆமையின் ஓட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விளக்குப் பெட்டியின் உள்தட்டுக்கு யோசனை கிடைத்தது. ஒரே ஒருமுறை. மற்ற ஆமைகள் ஜன்னலோரம் தூசி படிந்து நிற்கின்றன.

பிறகு தம்பி, உடனே பிடிக்கிற பசை வாங்கினான். நல்ல பசை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டிய கையோடு பெட்டி வண்டியேறியது. ஆனால் அக்காவுக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. விளக்குக்காரர் பெட்டி கேட்டுக் கொடுத்துவிட்டுப் போன கோணல்மாணலான புது விளக்கு மேஜைமேல் நின்று அவளை முறைத்துக்கொண்டிருந்தது.

"பசையை மாத்துடா" என்று தம்பியிடம் போனாள்.

"ஏன், ஒட்டலையா?"

"நல்லாத்தான் ஒட்டுது. அதான் பிரச்சினை."

"உனக்கு என்னமோ ஆயிருச்சுக்கா."

"சரி, பசை இருந்துட்டுப் போகட்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் குடு. எல்லாரும் சும்மா உட்காரணும்."

இழுத்தடித்துவிட்டுத் தம்பி ஒத்துக்கொண்டான். ஒரே நிபந்தனை: தினமும் ஒரு யோசனையாவது காட்டவேண்டும், இல்லையென்றால் அரை மணி ரத்து. அக்கா தலையாட்டிவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

எல்லோரும் பரீட்சைக்கு வந்ததுபோல் வந்து உட்கார்ந்தார்கள். மடிப்பு வேலை செய்யும் பெண், வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு யோசனையைத் தயாராகக் கொண்டுவந்தாள். அது தன்னுடையது என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். நெட்டை அண்ணன் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ணே, ஆமை செய்யலையா?"

"அது உருப்படியான யோசனை இல்லையேக்கா. முதலாளி கேட்டா என்ன சொல்றது?"

அக்கா நேராகத் தம்பியின் அறைக்குப் போனாள்.

"உன் அரை மணி எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ."

"அடம்பிடிச்சு வாங்கினியே!"

"காட்டணும்னு சொன்னதும் எல்லாரும் காட்டறதுக்குன்னே யோசிக்கறாங்கடா. ஆமைகூட வரமாட்டேங்குது. நான் தலையாட்டினதுதான் தப்பு."

"அப்ப விளக்குக்காரர்கிட்ட என்ன சொல்ல?"

"எனக்குத் தெரியலைன்னு சொல்லு."

அக்கா வாயிலிருந்து தம்பி அதைக் கேட்டதே இல்லை. அவள் போன பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாப்பாடு முடிந்தும் வெட்டு மெஷின் சத்தம் எழவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் தம்பி நின்றிருந்தான்.

"மெஷின் சூடாயிருச்சு" என்றான், யாரையும் பார்க்காமல். "ஆறட்டும்."

அக்கா தொட்டுப் பார்த்தாள். சூடெல்லாம் ஒன்றுமில்லை.

"ஆமாண்டா, கொதிக்குது" என்றாள்.

நெட்டை அண்ணன் தயங்கினார். "இன்னைக்கு என்ன காட்டணும் முதலாளி?"

"மெஷின் ஆறுறதுக்கு எதுக்குண்ணே காட்டணும்?" என்று தம்பி ஒரு கட்டு அட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். நெட்டை அண்ணன் குனிந்து ஒரு துண்டை எடுத்தார்.

விளக்குப் பெட்டி அன்றைக்கு வரவில்லை. பின்னால் ஒருநாள் வந்தது. மூடவும் செய்தது, திறக்கவும் செய்தது. அந்த மெஷின் மட்டும் இன்றுவரை தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் சூடாகிவிடுகிறது, அடைமழை நாளிலும்.