பங்கர் என்று பாய்ந்த கிடங்கு

அம்மாளின் அடியார்களே, நான் மண்ணுக்குள் உயிரோடு புதைந்து கிடந்தவன். வெளியே வந்தவன். என்னோடு கிடந்த ஒருவர் வரவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். ஒன்றை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம். ஓமந்தைப் பக்கம் இருந்த வீட்டையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்து, முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு குளத்தடியில் கொட்டில் போட்டிருந்தோம். நாங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த சனம். வயலும் போன பிறகு கூலி வேலைதான் சோறு. மாரி தொடங்குவதற்கு முன்னர் குளக்கட்டை வெட்டிப் பிளந்து, தண்ணீர் வயலுக்குப் போகும் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியது பதிக்க வேண்டும் என்றார்கள் அந்த வயல்காரர்கள். அந்த வேலைக்கு என்னையும் நடராசா அண்ணையையும் இன்னும் சிலரையும் பிடித்தார்கள்.

அண்ணை யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரர். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணியையும் விட்டு ஓடி வந்தவர். பகிடி இல்லாமல் மண்வெட்டி பிடிக்கமாட்டார். "தம்பி, நான் வெட்டின பங்கருகளை ஒண்டோட ஒண்டு தொடுத்தா அதுக்குள்ளாலயே யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம்" என்பார்.

பொய் இல்லை. அந்தக் காலம் வன்னியில் பால்குடிப் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் பங்கர் என்னும் பதுங்குகுழி வெட்டத் தெரியும். வெட்டுகிற மண்ணை விளிம்பிலேயே அணையாகக் குவிக்க வேண்டும். குண்டுச் சிதறலை அந்த மண்தான் தாங்கும். தூரக் கொண்டுபோய்க் கொட்டுகிறவன் மடையன். அதே பழக்கத்தோடுதான் குளக்கட்டையும் வெட்டினோம். கிடங்கு ஒன்றரை ஆள் ஆழம் போய்விட்டது. சுவர்கள் நேர்குத்தாக நின்றன. வெட்டிய மண் எல்லாம் இரண்டு கரையிலும் குவிந்து கிடந்தது. சுவருக்கு முட்டுக்கொடுக்க ஒரு பலகை இல்லை. ஊரில் இருந்த மரமெல்லாம் பங்கர்களுக்குக் கூரையாகப் போயிருந்தது.

அன்று முற்பகல் அண்ணையின் மனைவி தவமணி அக்கா தேத்தண்ணீர் கொண்டு வந்தார். மேலே ஏறிக் குளக்கட்டில் குந்தியிருந்து குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வானத்தில் குண்டு விமானத்தின் இரைச்சல் கேட்டது.

"கிபிர்! கிபிர் வருது!" என்று யாரோ கத்தினார்கள்.

மற்றவர்கள் மரங்களுக்குக் கீழே விழுந்து படுத்தார்கள். நானும் அண்ணையும் கிடங்குக்குப் பக்கத்தில் இருந்தோம். விமானச் சத்தம் கேட்டால் குழிக்குள் பாய வேண்டும் என்று எங்கள் கால்கள் பழகியிருந்தன. பாய்ந்தோம். பாய்ந்த அதிர்வோ, கரையில் கிடந்த மண்ணின் பாரமோ, சுவர் அப்படியே கழன்று எங்கள் மேல் வந்தது. விமானம் ஒரு குண்டும் போடவில்லை. வந்த வழியே போய்விட்டது.

இருட்டு. ஒரு கை முகத்துக்கு முன்னால் மடிந்திருந்ததால் கொஞ்சம் காற்று இருந்தது. மற்றக் கை மேலே நீண்டிருந்தது. மூச்சை வெளியே விட்டால் நெஞ்சு சுருங்கும் அல்லவா? சுருங்கிய அந்த இடத்தை மண் உடனே பிடித்துக்கொள்ளும். திரும்ப மூச்சை இழுக்க இடம் தராது. என் மனைவி செல்வி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். எங்கள் சனம் மாரியம்மா என்று கூப்பிடும், இங்குள்ளவர்கள் அம்மாளாச்சி என்பார்கள். நான் இரண்டு பெயரையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். மனத்தால்தான். வாயைத் திறந்தால் மண். அம்மா, அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்க விடு என்று கேட்டேன். பிறகு அதைக் கேட்கவும் தெம்பில்லை. முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

அப்போது என் விரல்களை யாரோ பிடித்தார்கள்.

தவமணி அக்கா. விமானம் போய்விட்டதா என்றும் பாராமல் முதலில் ஓடி வந்தவர் அவர்தான். மற்றவர்கள் பின்னால் வந்தபோது அவர் போட்ட சத்தம் மண்ணுக்குள் எனக்கே கேட்டது. "மண்வெட்டி போடாதேங்கோ! கையால கிண்டுங்கோ! கரையில ஏறாதேங்கோ, இன்னும் சரியும்!"

முகம் வெளியே வந்ததும், "அண்ணை எனக்குப் பின்னால" என்றேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் கிண்டினார். நகங்கள் பிய்ந்து இரத்தம் வடிந்தது. அண்ணையை எடுத்தபோது உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. உயிர் இல்லை.

எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் கோயிலுக்குப் போய் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணையின் கையில் அக்கா கட்டிவிட்ட கோயில் நூல் எப்போதும் இருக்கும். என் கை வெறுங்கை. மண்ணுக்கு மேலே தெரிந்தது தன் புருசனின் கை இல்லை என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு, ஏன் அக்கா என்னை முதலில் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"கை அசைஞ்சது தம்பி. அசையிற கையை விட்டுட்டு நான் எங்க போய்த் தேடுறது?" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "அவற்ர கையும் உள்ளுக்க அசைஞ்சிருக்குமோ எண்டுதான் எனக்கு நித்திரை வருகுதில்லை."

நான் கூப்பிட்டதற்கு அம்மாள் வந்தாள். நகம் பிய்ந்த கைகளோடு வந்தாள். அன்று அக்காவுக்கு முன்னால் இருந்து அழுதபோதுதான் அது எனக்கு விளங்கியது.

இப்போது இரண்டாயிரத்தொன்று. காவடி எடுப்பதற்குப் பதிலாக நான் வைத்திருக்கும் நேர்த்தி இதுதான்: எங்கே கிடங்கு வெட்டினாலும் போவேன். முதலில் தள்ளி ஒரு பங்கர் வெட்டுவிப்பேன், சத்தம் கேட்டால் ஓட அது வேறாக இருக்கட்டும். வெட்டும் மண்ணைக் கரையில் விடமாட்டேன், தூரப் போடச் சொல்லுவேன். சுவரைச் சரித்துப் படிபடியாக வெட்டச் சொல்லுவேன். "விசர் பிடிச்சவன்" என்கிறார்கள். பிடித்ததாகவே இருக்கட்டும்.

கோயில் பொங்கலில் எங்கள் பானைக்கு முதல் அரிசி போடுவது தவமணி அக்கா. கைம்பெண் போடுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தக் கையைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டாம்.

அடியார்களே, அம்மாளை நம்பிக் கூப்பிடுங்கள். அவள் வருவாள், நான் கண்டவன். ஆனால் கிடங்கின் கரையில் மண்ணைக் குவித்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிடாதீர்கள். தவமணி அக்காவுக்கு இருந்தது இரண்டு கைகள்தான்.