பதினொரு கமெண்ட்ஸ்

எங்கள் மெர்ச்சண்டைசிங் அறைச் சுவரில் நூல் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். அதில் சிவப்பு மையால் எழுதியிருப்பவை எல்லாம் சிப்மெண்ட் தேதிகள். அவற்றைத் தாண்டினால் சரக்கு, கப்பலுக்குப் பதில் எங்கள் செலவில் விமானத்தில் போக வேண்டும், முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தச் சிவப்புக்கு நடுவே பென்சிலால், எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்தில், வேறு சில தேதிகளும் இருக்கும். அவை கம்ப்யூட்டர் கேம்கள் வெளியாகப் போகும் தேதிகள். எழுதியவர் எங்கள் டிசைன் அண்ணன். சிவப்புத் தேதிக்கு நாங்கள் உயிரைக் கொடுத்தோம். பென்சில் தேதிகளோ மாதத்துக்கு ஒரு முறை அழிக்கப்பட்டு அடுத்த மாதத்துக்குப் போய்விடும். "தள்ளி வச்சிட்டான் தங்கச்சி. ஆனா நல்லதுக்குத்தான், இன்னும் மெருகேத்துதானாம்," என்று ரப்பரும் கையுமாக வந்து நிற்பார். யாரோ ஊர் பேர் தெரியாதவன் செய்த தாமதத்துக்கு இவர் ஏன் வக்காலத்து வாங்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், கல்லூரி முடித்த கையோடு, சேவூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பூரில் அந்த பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் அடிப்பதும், அவர்கள் எழுதுவதைத் தமிழில் சொல்லித் தையல், பிரிண்டிங் ஆட்களை விரட்டுவதும் என் வேலை. டிசைன் அண்ணன் பக்கத்து அறை. டீ-சர்ட்டில் அச்சாகும் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து பிலிம் எடுத்துக் கொடுப்பார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். குடும்பத்தோடு பிழைக்க வந்து பத்து வருடம் ஆகியிருந்தது, பேச்சு மட்டும் இன்னும் ஊர்ப் பேச்சுதான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மதியம் சாப்பாட்டு மணி அடித்தால் டப்பாவைத் திறக்கும் முன்பே கேமைத் திறந்துவிடுவார்.

எல்லோரும் ஆடுகிற கார் ரேஸ், துப்பாக்கிச் சண்டை எதுவும் அவருக்குப் பிடிக்காது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், உலகத்தின் ஏதோ மூலையில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து செய்கிற கேம்கள்தான் அவருடைய பைத்தியம். "இண்டி கேம்" என்பார். எங்கள் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் முதல் தடவை அதைக் கேட்டுவிட்டு, "இந்திக்காரங்க வெளையாடறதுங்களா?" என்று நிஜமாகவே கேட்டார். அப்போது கட்டிங் பிரிவில் பீகார்ப் பையன்கள் சேர்ந்துகொண்டிருந்த நேரம். அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அதற்கு இந்தி கேம் என்றே பெயர். அண்ணனும் விளக்கிப் பார்த்து அலுத்து, கடைசியில் "ஒத்தையாள் கேம்" என்று மாற்றிக்கொண்டார்.

வீட்டில் அவருக்கு நெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டருக்குப் போய் டெமோ இறக்குவார். முக்கால்வாசி இறங்கியிருக்கும்போது கரண்ட் போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து. திங்கட்கிழமை அந்தக் கதையை முழுசாகக் கேட்க வேண்டியது நான்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "முழுசா இல்லாத கேமுக்கு எதுக்குங்ணா இத்தன பாடு?" என்று கேட்டேன். "டெமோன்னா சாம்பிள்லா. சாம்பிள நாலு பேரு பாத்தாத்தான ஆர்டர் வரும்? இத நாப்பது பேருகூட பாக்கல தங்கச்சி," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த வருத்தம், தான் பெற்ற பிள்ளைக்குப் பெண் கிடைக்காத வருத்தம். என்னைக் கட்டாயப்படுத்தி ஒன்றை ஆட வைத்தார். மூடுபனியில் ஒரு தபால்காரர் நடந்து போவார், எந்த வீடு என்று கண்ணுக்குத் தெரியாது, நாய் குரைக்கிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துக் கடிதம் கொடுக்க வேண்டும். எரிச்சலோடு உட்கார்ந்த நான் சாப்பாட்டு நேரம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அதை அவரிடம் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அப்படிப்பட்டவர் தானே ஒன்று செய்ய ஆரம்பித்ததில் அதிசயம் இல்லை. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் கேம் செய்கிற சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. மதிய இடைவேளைகளிலும் கம்பெனி அனுமதித்த ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினார். கேமின் பெயர் 'கண்ணி'. பின்னலாடையில் ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், விட்டுப்போனால் துணி மேலிருந்து கீழே ஏணி மாதிரிப் பிரிந்துகொண்டே போகும், திருப்பூரில் குழந்தைக்கும் தெரியும். ஆடுகிறவர் ஒரு கொக்கி ஊசி. பிரிந்து ஓடுகிற கண்ணியைத் துரத்திப் பிடித்து ஒவ்வொரு வரிசையாக மேலே ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஏற்ற ஏற்றத் துணி வளர்ந்து, அது ஒரு கைக்குழந்தையின் சட்டை என்று கடைசியில்தான் தெரியும். அந்தச் சட்டையைப் பார்க்கவே இன்னொரு தடவை முதலிலிருந்து ஆடினேன். வெளியில், "பரவாயில்லீங்ணா," என்றேன்.

வெளிநாட்டில் ஒரு அம்மா இணையத்தில் ஒரு பக்கம் நடத்திக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும், யாரும் கண்டுகொள்ளாத கேம் ஒன்றைப் போட்டு அதைப் பற்றி நாலு வரி எழுதுவார். அண்ணனுக்காக அந்தப் பக்கத்தை நான் வேண்டாத காகிதத்தின் பின்பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். அதில் 'கண்ணி' வந்துவிட வேண்டும், அவருக்கு வேறு ஆசையே இல்லை. பணம் வராது, பேர்கூட வேண்டாம் என்பார். "எங்கேயோ ஒருத்தன் அத ஆடி முடிக்கணும். அவ்வளவுதான்." ஆங்கிலத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் கடிதம் எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் சொந்த மெயிலிலிருந்து, எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலத்தில் எழுதினேன்: கேம் சாம்பிள் இணைத்துள்ளோம், பார்த்துவிட்டு அப்ரூவல் தரவும், தங்கள் கமெண்ட்ஸை எதிர்பார்க்கிறோம். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

கமெண்ட்ஸ் என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பையருக்கு சாம்பிள் போகும். அவர் அளந்து பார்த்து, கழுத்து கால் இஞ்ச் கூடுதல், தோள் தையல் சரியில்லை என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு எழுதுவார். அதுதான் கமெண்ட்ஸ். கமெண்ட்ஸ் வந்தால் சாம்பிள் ஃபெயில் என்று அர்த்தம். எல்லாவற்றையும் திருத்திப் புதிய சாம்பிளை அனுப்புவதுதான் அதற்குப் பதில், நடுவில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் வேலை செய்யாமல் சாக்குச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் மேனேஜர் ஒரு பாடம் நடத்தினார். "வெளிநாட்டுக்காரங்க மெயில்ல மொதல் நாலு வரி சந்தனம் குங்குமம் கண்ணு. நல்லாருக்கீங்களா, உங்க சாம்பிள் பிரமாதம், அப்படித்தான் எழுதுவாங்க. அதுல மயங்கீராத. நம்பர் போட்டிருக்கற எடத்துலதான் நமக்கு வேல இருக்குது." ஒரு நாளைக்கு அறுபது மெயில் பார்க்கிறவளுக்கு அது வேதவாக்காகத்தான் இருந்தது. கண் தானாகவே நம்பர் இருக்கிற இடத்துக்கு இறங்கப் பழகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அன்று ஒரு கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள், பேக்கிங்கில் ஸ்டிக்கர் மாறிப்போய் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். மெயிலைத் திறந்தேன். மேலே நாலைந்து வரி. கீழே ஒன்று முதல் பதினொன்று வரை நம்பர். என் கண் நேராக ஒன்றுக்குப் போனது. பதினொன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"கமெண்ட்ஸ் வந்திருக்குதுங்ணா."

தாளை வாங்கிப் பார்த்தார். "பதினொண்ணா," என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பாத்திருக்காவளே, அதுவே பெருசு. திருத்திருவோம்," என்றார்.

ஊசி திரும்புவது மெதுவாக இருக்கிறது, மூன்றாம் கட்டத்தில் நிறம் கண்ணை உறுத்துகிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு திருத்தினார். ஒரு மாதம் போயிருக்கும், அந்த அம்மாவிடமிருந்து இன்னொரு மெயில், இரண்டே வரி. எனக்கு இன்னும் ஆர்வம் இருக்கிறது, நீங்கள் தயாரானதும் சொல்லுங்கள் என்று. பையர் இப்படி எழுதினால் அதற்கு ரிமைண்டர் என்று பெயர். சீக்கிரம் சாம்பிள் அனுப்பு என்று அர்த்தம். ஓடிப்போய், "ரிமைண்டர் வந்துருச்சுங்ணா, வெரசா முடிங்க," என்று அவரை விரட்டினேன். பாவம், அவர் அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

பதினொன்றாவது கமெண்ட்தான் அவரை வதைத்தது. சத்தம் உயிரில்லாமல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். நிட்டிங் மெஷின் ஓடும் கம்பெனிக்குப் போய் செல்போனில் பதிவு செய்தார், இரைச்சலாக வந்தது. மறுபடி போனார். மெஷின் நிற்கும் கணத்தில் ஊசிகள் அடங்குகிற சத்தம் வேண்டும் என்று அங்கிருந்த ஆபரேட்டரைத் திரும்பத் திரும்ப நிறுத்தச் சொல்லித் திட்டு வாங்கினார். எட்டு மாதம் ஆனது. பதினொன்றும் முடிந்த பிறகு, திருத்திய சாம்பிள் என்று தலைப்பு போட்டு அனுப்பினேன். அடுத்த நிமிடமே மெயில் திரும்பி வந்தது. முகவரி இல்லையாம். அந்த இணையப் பக்கத்தைத் திறந்தால் வெறுமையாக ஒரு அறிவிப்பு மட்டும் இருந்தது. நடத்த முடியவில்லை, மூடிவிட்டேன், நன்றி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்தான் தேற்றினார். "லேட்டாயிட்டு தங்கச்சி. சிப்மெண்ட் தேதி தாண்டிட்டா ஆர்டர் கேன்சல். அவங்க என்ன செய்வாவ?" பிறகு அந்தக் கேமைப் பற்றி அவர் பேசவேயில்லை. யாராவது கேட்டால், "அது பதினோரு குத்தம் உள்ள சாமான்," என்று சொல்லிச் சிரிப்பார். ஆர்டர் குறைந்த ஒரு வருடத்தில் டிசைன் அறையையே மூடினார்கள். அவர் ஊருக்குப் போய் பேனர், அழைப்பிதழ் அடிக்கிற கடை வைத்துக்கொண்டார். அடுத்தவர்களுடைய கேம் மீதான ஆசை மட்டும் குறையவில்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, இந்த மாதம் எது வருகிறது, யாரும் பார்க்காமல் விட்டது எது என்று அரை மணி நேரம் பேசுவார். இப்போது எல்லாம் போனிலேயே நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. யார் செய்த கேமையும் யாரையும் கேட்காமல் உலகத்துக்குக் காட்டலாம். நீங்களும் ஒன்று செய்யுங்கள் என்று நான் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்.

போன மாதம், எங்கோ தொலைந்த ஒரு சான்றிதழைத் தேடிப் பழைய மெயில் பெட்டியைத் திறந்தேன். அந்த அம்மாவின் பெயர் கண்ணில் பட்டது. இத்தனை வருட அனுபவத்தில், முதல் வரியைப் படிக்காமல் விட்டு நானும் அடி வாங்கியிருக்கிறேன், எனக்குக் கீழே வேலை செய்யும் பெண்களிடம் மெயிலை மேலிருந்து படி என்று கத்தவும் செய்கிறேன். அந்தப் பழக்கத்தில் மேலிருந்து படித்தேன்.

'கண்ணியை மூன்று முறை ஆடி முடித்துவிட்டேன். கடைசிச் சட்டையைப் பார்த்து அழுதேன். வருகிற வெள்ளிக்கிழமை இதை அப்படியே போட விரும்புகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். கீழே உள்ளவை உங்கள் அடுத்த கேமுக்கு உதவும் என்று தோன்றியவை, இதில் எதையும் மாற்றிவிடாதீர்கள்.'

எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. என் மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றும் தெரியவில்லை. மேனேஜரைக் குறை சொல்லிப் பார்த்தேன், கண்டெய்னரைக் குறை சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. நாலு வரி. படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. சொல்லாமலே இருந்துவிடலாம் என்று இரண்டு ஞாயிறு அவர் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு, அவர் ஏதோ ஒரு கேமைச் சொல்லி, "யாருமே கண்டுக்கல, பாவம்," என்றபோது என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த வரிகளை ஆங்கிலத்திலும் தமிழிலும் வாசித்தேன்.

அந்தப் பக்கம் கடையில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரை அவர் நிறுத்துவது கேட்டது.

"அப்படியேன்னா?" என்றார்.

"எதையும் மாத்தாமங்ணா. இருக்கறபடியே."

"அது இப்ப இல்லியே. பதினொண்ணையும் அதுக்கு மேலயேதான் திருத்துனேன். நீ அன்னைக்கு அனுப்புனது இருக்கா?"

அதை நான் முதலிலேயே தேடியிருந்தேன். அந்தக் காலத்தில் மெயில் பெட்டியில் இடம் பத்தாது, அனுப்பியவற்றைச் சனிக்கிழமை சனிக்கிழமை அழித்துவிடுவேன். "இல்லீங்ணா," என்றேன். மன்னிச்சுக்கோங்க என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை.

"அந்த ஒரு வரிய இன்னொரு தடவ வாசி. சரின்னு எழுதச் சொன்னாங்களே, அது."

வாசித்தேன். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"யெஸ்னு எழுத எனக்கே தெரியுமே, தங்கச்சி."